தரைத்தளத்தில் ஒன்பது

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருந்தாயானால், அதுவே எனக்குப் பெரிய விஷயம். மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை உன் எண்ணை எடுத்துவிட்டு, அழைக்காமலே வைத்திருக்கிறேன். வாயால் பேசினால் நமக்குள் எங்கே போய் முடியும் என்று உனக்கே தெரியும். அதனால் காகிதம்.

பெரியம்மா எப்படி இருக்கிறார்கள்? முழங்கால் மடக்க முடியவில்லை என்று இரண்டாம் மாடித் தையல்கார அக்கா சொன்னார்.

எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பதினோரு மாதம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள். நேற்று ஒரு சட்டைப் பொத்தான். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதே என் வேலை. இதை எழுதும்போதே இரண்டு தடவை பார்த்தாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு அரசாங்கமே தனித்தனி உரிமைப் பதிவு தருகிறது. இத்தனை காலமும் நம் கையில் பத்திரம் இருந்ததே தவிர, அரசாங்கக் கணக்கில் கட்டிடம் மொத்தமும் கட்டியவர் பெயரில்தான் கிடந்ததாம். இனி வீட்டுக்கு ஒரு பதிவு: யார் பெயர், எந்தத் தளம், எத்தனை அடி, நிலத்தில் எவ்வளவு பங்கு.

போன மாதம் நில அளவை அலுவலகத்திலிருந்து ஓர் ஐயாவும் ஓர் அம்மாவும் நாடாவோடு வந்தார்கள். பாப்பா என் இடுப்பில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாசல் பலகையைப் பார்த்து, "ஒன்பதாம் நம்பர், நீங்கதானேம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன். பொய்யில்லையே. "தரைத்தளத்துல ஒன்பதா? என்ன கணக்கு சார் இது?" என்றார் அந்த அம்மா. "கட்டினவரு எப்படி எண்ணினாரோ! பலகையில இருக்கறத எழுதுங்க."

நான் வாய் திறக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எழுதாமல் விட்டதால் வந்த வினை இது, அதனால் எழுதிவிடுகிறேன். நமக்கு ஆறு வயது. உங்கள் வீடு தரைத்தளம், எண் இரண்டு. எங்களுடையது மூன்றாம் மாடி, எண் ஒன்பது. அம்மா படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், பெரியப்பா மேலே வந்து அப்பாவிடம், "தங்கச்சி எத்தனை நாளைக்குத் தம்பி மூணு மாடி ஏறும்? பேசாம வீட்டை மாத்திக்குவோம்" என்றார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கட்டிலும் பீரோவும் ஏறின, இறங்கின. முடிவில் நம் அப்பாக்கள் அடித்த கூத்துதான் கூத்து. "தபால்காரருக்குப் பழகின நம்பர்" என்று வாசல் எண் பலகைகளையும் கழற்றி, கூடவே கொண்டுபோய் மாட்டினார்கள்! பத்திரத்தை மாற்ற மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இப்போது வரைவுப் பட்டியல் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. "எண் 9, தரைத்தளம், பின்புற வெளியுடன்" என்று என் பெயர். "எண் 2, மூன்றாம் மாடி" என்று பெரியம்மா பெயர். முப்பது நாளில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதுவே நிலைத்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன், அம்மா இறந்த மறுமாதம் நீ இந்த வாசலில் நின்று, "எங்கம்மாவுக்கு இப்ப முட்டி முடியல, கீழ்வீட்டைக் கொடு" என்றாய். "பெரியப்பா கொடுத்த வாக்கு" என்றேன் நான். "எழுத்துல இருக்கா?" என்றாய். நான் கதவைச் சாத்தினேன். அடுத்த வாரம் மேல்வீட்டைப் பூட்டிக்கொண்டு பெரியம்மாவோடு போய்விட்டாய்.

நீ கேட்ட எழுத்து இப்போது என் கைக்கு வரப்போகிறது, நெட்டை. முத்திரையோடு. ஆனால் அது பொய் எழுத்து. பத்திரப்படி கீழ்வீடு உங்களுடையது.

உடனே சொல்லவில்லை. பட்டியல் ஒட்டிப் பதினோரு நாள் ஆகிறது. இவர், "தானா மடியில விழுந்தத எதுக்கு நோண்டற?" என்கிறார். அக்காவிடம் சாவி வாங்கிப் போய் மேல்வீட்டு பால்கனிக் கம்பி இடைவெளியை அடிக்குச்சியால் அளந்தேன். பாப்பா தலை புகுந்துவிடும். ஆனாலும் பட்டியலைக் கடந்து போகிற ஒவ்வொரு தடவையும் பெரியப்பா பீரோவை முதுகில் சுமந்து ஏறியது கண்ணில் வருகிறது.

ஆட்சேபணை மனு எழுதிவிட்டேன். கொடுப்பதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வாலு

---

மார்ச் 11

வாலுக்கு,

கடிதம் வந்தது. பட்டியலைத் தையல்கார அக்கா ஒட்டிய அன்றே படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டார். நீ சொல்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லமாட்டாய் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தேன். சனிக்கிழமை உன் கடிதம்.

வக்கீலிடம் போகவில்லை.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொத்தான் வரைக்கும் வந்ததும், "நிறுத்துடி, முழுங்கிட்டாளா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல" என்று ஒரே ரகளை. அரசாங்கம், பதிவு, முப்பது நாள் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நீயும் பொத்தான் கதையைப் பாதியில் விட்டிருக்கிறாய். வாயிலிருந்து எடுத்தாயா?

மனுவைக் கொடு. மருத்துவமனையில் இந்த மாதம் விடுப்பு கிடையாது, என்னால் வர முடியாது. அம்மா கையெழுத்திட்ட ஒப்புதலும் பத்திர நகலும் இதோடு இருக்கின்றன.

நெட்டை
(இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.)

---

ஏப்ரல் 15

அன்புள்ள நெட்டைக்கு,

பொத்தானை எடுத்துவிட்டேன் என்று பெரியம்மாவிடம் முதலில் சொல். விரலைக் கடித்துவிட்டாள், நான்கு பல்.

விசாரணை முடிந்தது. அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தார். "எனக்குக் கொடுக்கலேன்னுதாம்மா எல்லாரும் ஆட்சேபணை போடுவாங்க. எனக்கு ஏன் கொடுத்தீங்கன்னு கேக்கற முதல் ஆளு நீங்க" என்றார். பலகைக் கதையைச் சொன்னதும் அறையே சிரித்தது. அப்புறம் அவரே, "ரெண்டு குடும்பமும் ஒத்துப்போனா மாற்றுப் பத்திரம் போட்டுக்கலாமே. குழந்தையை வச்சுக்கிட்டு எதுக்கு மாடி ஏறணும்?" என்று வழி சொன்னார்.

அந்த ஒரு நொடி மனசு சபலப்பட்டது. உன்னிடம் மறைக்கமாட்டேன். ஆனால், "அவங்கம்மாவால படி ஏற முடியாதுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மாறிவிட்டோம். நோண்டாதே என்ற மனுஷன்தான் குளிர்பெட்டியை மூன்று மாடி ஏற்றினார். பால்கனி முழுக்கக் கம்பிவலை அடித்தாயிற்று. கோழிக்கூண்டு மாதிரி இருக்கிறது என்கிறார், இருக்கட்டும். எண் பலகைகளையும் கழற்றி மாற்றினேன். இப்போது பலகை, பத்திரம், பதிவு மூன்றும் ஒரே பேச்சு பேசுகின்றன. பெரியம்மாவின் உரிமைப் பதிவை இணைத்திருக்கிறேன். பெயரில் எழுத்துப் பிழை இல்லை, நான்கு முறை சரிபார்த்தேன். கீழ்வீட்டைக் கழுவித் துடைத்துச் சாவியை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடிக்கச் சொன்னேன், பெரியம்மா உயரத்துக்கு.

பாப்பாதான் பாவம். பின்புறத்துத் துவைகல்லைப் பிடித்துக்கொண்டுதான் முதல் முதலாக எழுந்து நின்றாள். இப்போது வலைக்குப் பின்னாலிருந்து அந்தக் கல்லைப் பார்த்து விரல் நீட்டி, "ஊ, ஊ" என்கிறாள். சும்மா சொன்னேன். உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உன் வாலு

---

ஏப்ரல் 23

என் அருமை வாலுக்கு,

பதிவு கிடைத்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை பார்த்தாள். உன் கடிதத்தை மூன்று தடவை பார்த்தாள். குளியலறைக் கம்பி பற்றிய வரியில் அழுதாள். அந்தக் கம்பி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், நான்தானே செவிலி.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நான்கு நாள் இருப்பேன். அதன்பின் அவள் உன் பொறுப்பு, பாப்பா அவள் பொறுப்பு. நீ மறுபடி வேலைக்குப் போகும்போது குழந்தையைக் கீழே விட்டுவிட்டுப் போகணுமாம். "பாப்பா மேல இருந்து கத்தினாலே எனக்குக் கேட்கும், பயந்தாங்கொள்ளிகிட்ட சொல்லு" என்கிறாள்.

அன்று வாசலில் நின்று நான் கேட்டது, அப்பா உயிரோடு இருந்து அவர் காதில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்காத நாளில்லை. அதற்காக மட்டும் இதைத் தனிப் பத்தியாக எழுதுகிறேன்:

எண் இரண்டு, தரைத்தளம், பின்புற வெளியில் உள்ள துவைகல்லும், அதைச் சுற்றிய இடமும், எண் ஒன்பது வீட்டுப் பாப்பா தினமும் வந்து நிற்கவும், நடக்கவும், விழவும், அழவும் உரியது. அம்மா கீழே கையெழுத்திட்டிருக்கிறாள், பார்.

எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டவள் நான். இருக்கிறது. பத்திரமாக வை.

உன்
நெட்டை