உச்சிவேளையில் பேசும் மதகு

செப்டம்பர் 9, செவ்வாய்

செஞ்சி பேருந்து நிலையத்தில் சுமலதா என்னைப் பிடித்துக்கொண்டாள். மலையடி ஏரியில் மதகு திறக்கும் தாண்டவராயனின் மகள்.

"ஏரிப் பொட்டி உச்சிவேளையில எங்கம்மா மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுது. நைனா தெனம் போயி எதிர்ல உக்காந்துக்குது. பேப்பர்ல போட்டு அத்தக் கழட்டச் சொல்லுங்க."

அவள் அம்மா மீனம்பாள் ஜனவரியில் இறந்துபோனார். பெட்டியில் இருப்பது அவர் குரல்தான், அதில் மர்மம் ஒன்றுமில்லை. தண்ணீர் திறக்கும்போது "கரையில் யாரும் நிற்க வேண்டாம்" என்று எச்சரிக்கும் பெட்டி. மகளிர் குழுவில் கணீரென்று பேசுகிறவர் என்பதால் அவரைப் பேசவைத்துப் பதிந்தார்கள். சோதனைக்காகத் தினமும் பகல் பன்னிரண்டுக்குத் தானே ஒருமுறை பேசும்.

பேய்ச் செய்தி நான் எழுதுவதில்லை. ஆனாலும் போய்க் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 11

கேட்டேன்.

பாறையில் ஊன்றிய கம்பத்தில் இரும்புப் பெட்டி, தொட முடியாத சூடு. முதல் சொல் சரியாக வந்தது. பிறகு குரல் குழைந்து ஒரே அசையைப் பற்றிக்கொண்டு இழுத்தது. வார்த்தை இல்லை. மூச்சு மட்டும் இருந்தது.

வாதம் வந்து வாய் கோணியபின் மீனம்பாள் பேசியது இப்படித்தானாம். "யாருக்கும் வெளங்காது, எனக்கு வெளங்கும்" என்றார் தாண்டவராயன். "கொஞ்சம் பொறுக்கணும். பொறுத்தா சொல்லிடுவா."

"இப்ப என்ன சொன்னாங்க?"

"கூப்புடறா."

சோற்றுக்குக் கூப்பிடுவதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

செப்டம்பர் 15

பெட்டி வைத்த நிறுவனத்தின் பொறியாளர் பார்த்திபனிடம் பேசினேன். "மூணு தடவை ஆள் வந்து பார்த்தாச்சு மேடம். தெளிவா பேசுது."

எப்போது பார்த்தார்கள்? முதல் பஸ்ஸில் வந்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார்கள். புகார் எல்லாம் உச்சிவேளைக்கு, ஆய்வு எல்லாம் காலைக்கு. ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்றேன். அடுத்த வாரம் வருகிறாராம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. மேல்மலையனூர்க் கூட்டத்தின் நடுவில் சுமலதாவின் போன், அழுகை. மீனம்பாளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஏரியில் இறங்கிய தாண்டவராயன், பெட்டி பேசியதும் உள்ளே நடந்திருக்கிறார். கழுத்தளவு போனபின் ஆடு மேய்த்தவர்கள் இழுத்து வந்தார்கள்.

"பாதி தூரம் போயிட்டேன், உட்டிருக்கலாமில்ல" என்று அவர்களைக் கோபித்துக்கொண்டாராம்.

செப்டம்பர் 23

பார்த்திபன் வந்தார். தாண்டவராயன் வழக்கம்போல் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். உச்சிவேளைக் குரலைக் கேட்டதும் ஒரு நிமிடம் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"பயந்துட்டீங்களா?"

"குரலுக்கு இல்ல மேடம். அவரு அதுக்குத் தலையாட்டறாரு பாருங்க. அதுக்கு."

அவர் விளக்கியது: பெட்டிக்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதுதான் மூளை. குரல் அதற்கு வெளியே ஃபிளாஷ் மெமரியில் இருக்கிறது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் மூளை ஒரு துணுக்கைக் கேட்கும். மெமரி அதை எடுத்துக் கம்பியில் வைக்கும். சூடு ஏறினால் வைப்பதில் நொடியில் பல கோடியில் ஒரு பங்கு தாமதம். மூளையோ வழக்கமான கணத்திலேயே பார்த்துவிடுகிறது. அப்போது கம்பியில் இருப்பது முந்தைய துணுக்கு; அதனால்தான் குரல் குழைந்து இழுக்கிறது.

"நீங்க கேள்வி கேட்டுட்டு, எதிராளி வாயத் தொறக்கறதுக்குள்ள பதிலை எழுதிக்கிட்டா எப்படி? அந்த மாதிரி."

பார்க்கும் கணத்தை அரைத் துடிப்பு தள்ளிவைத்தால் போதுமாம். மடிக்கணினியை இணைத்து மாற்றி, அதே சூட்டில் மறுபடி ஒலிக்கவிட்டார். மீனம்பாள் கணீரென்று பேசினார்.

தாண்டவராயன் முழுதும் கேட்டார். "இது ஊருக்குப் பேசறது" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 24

செய்தி வந்தது, நான்கு பத்தி. தாண்டவராயன் பெயரைப் போடவில்லை.

அக்டோபர் 8

சுமலதா சொன்னாள்: நைனா வேலை இருந்தால்தான் ஏரிக்குப் போகிறார். உச்சிவேளையில் வீட்டிலேயே இருக்கிறார். "சோறு நல்லாத் துன்னுது. நடுவுல கைய நிறுத்திட்டு, யாரோ பேசி முடிக்கட்டும்னு இருக்கற மாதிரி இருக்குது. வூட்ல டிவி கூட ஓடல."

நவம்பர் 24, திங்கள்

மழை. ஏரி நிரம்பி மதகைத் திறந்தார்கள். பெட்டி ஒவ்வொரு சொல்லும் பிசகாமல் எச்சரித்தது. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் விலகியது. பெட்டி ஓய்ந்தது.

தாண்டவராயன் மட்டும் மதகுக் கால்வாய்க்கு இறங்கும் கடைசிப் படியில். தண்ணீர் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"பேசாதீங்க ரிப்போட்டரம்மா. முடிக்கட்டும்."

நின்றோம். மதகின் இரைச்சலைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உற்றுக் கேட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

"சரி, சரி" என்றார் தண்ணீரைப் பார்த்து. "நீ சொல்ற வரைக்கும் வரல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.