அந்த ஜாமீன் இனி செல்லாது

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஏஞ்சலின் எழுதுவது. சேசு சாமி உன் பக்கத்திலேயே இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர்கள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து இதைப் படி.

குடகு எஸ்டேட்டில் டவர் கிடைக்காது என்று மேஸ்திரி நஞ்சப்பன் சொன்னார். அவர் வண்டி நாளைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறது. வாயால் சொல்லி அனுப்பலாம் என்றார் அப்பா. இதை நீ வேறு ஆள் வாயால் கேட்க வேண்டாம் என்று நான்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

அண்ணா, டேவிட்ராஜ் அண்ணன் இறந்துவிட்டார்.

நீ கிளம்பும்போது கண் திறந்து பேசிக்கொண்டுதானே இருந்தார். அப்புறம் தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை. மாதா தேர் தூக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரே கொம்பில்தான் தோள் கொடுப்பீர்கள். அவர் சவப்பெட்டியைத் தூக்க நீ இல்லை.

ஜாமீன் கிடைத்ததும் கேஸ் முடிந்தது என்று நாம் எல்லோரும் நினைத்துவிட்டோம். அம்மா கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொன்னாள். 'ஜோஸ்வின் வழக்கிலிருந்து விடுபட்டதற்காக' என்று பூசைக் கருத்தை மைக்கில் வாசித்தார்கள். டேவிட்ராஜ் அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய அம்மா பாதிப் பூசையில் எழுந்து போனதை நான் பார்த்தேன். இப்போது அம்மா கோயிலுக்கே போவதில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள்.

அப்பாவும் நானும் வக்கீல் சந்திரமோகனைப் போய்ப் பார்த்தோம். ஸ்டேஷனில் விட்ட ஜாமீன் அடிதடிக்குப் போட்ட பழைய பிரிவுக்குத்தானாம். "ஆளு போயிட்டதால பிரிவை மாத்திட்டாங்கம்மா. அந்த ஜாமீன் இனி செல்லாது. பையன் தானா வந்து கோர்ட்டுல சரணடஞ்சா ஒரு மாதிரி, புடிச்சுக்கிட்டு வந்தா வேற மாதிரி" என்றார். சரணடைந்ததும் ரிமாண்டில் ஜெயிலுக்கு அனுப்புவார்களாம். போலீஸ் விசாரணை அதுபாட்டுக்கு நடக்குமாம். தர்மபுரி கோர்ட்டில் புதிதாக ஜாமீன் கேட்க வேண்டும், முதல் தடவையே கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார். அப்பா பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்க வேண்டும் என்று நான்தான் அவரைத் தொட்டுச் சொன்னேன்.

உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் என்பதால் அப்பாவைத் தினமும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். அடிக்கவில்லை, பயப்படாதே. "பையனை எங்க ஒளிச்சு வெச்சிருக்க பெரியவரே" என்று கேட்கிறார்களாம். வேலைக்குத்தான் போயிருக்கிறான் என்று அப்பா சொன்னால் சிரிக்கிறார்களாம்.

என்னையும் விசாரித்தார்கள். தேரை எந்தத் தெருவில் முதலில் திருப்புவது என்று சண்டை வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன் இல்லையா. "தள்ளுனானா, அடிச்சானா? வாயத் தொறந்து சொல்லும்மா" என்றார் அந்தப் போலீஸ்காரம்மா. எனக்கு நாக்கு எழவில்லை. இன்னொரு முறை கூப்பிடுவார்கள். நீ ஒரு தடவை தள்ளினாய், டேவிட்ராஜ் அண்ணன் தலை பாலத்துக் கட்டையில் பட்டது, முதலில் ஓடிப் போய் அவரை மடியில் தூக்கி வைத்ததும் நீதான். இவ்வளவையும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சாவு வீட்டுக்கு நம் வீட்டிலிருந்து நான் மட்டும் போனேன். பந்தலுக்கு வெளியிலேயே நின்றேன். புருஷனைப் பறிகொடுத்த பிளசி அண்ணி பார்த்துவிட்டு, "உள்ள வா ஏஞ்சலு, நீ என்ன பண்ணுன" என்று கையைப் பிடித்து இழுத்தார். அப்புறம், "உங்கண்ணன் எட்டிப் பாக்கக்கூட வல்லியே. அவ்வளவுதானா அவங்க ரெண்டு பேரு சேத்தி?" என்று கேட்டார். ஊரில் எல்லோரும் நீ சாவு தெரிந்து ஓடிவிட்டாய் என்றுதான் பேசுகிறார்கள். அண்ணனுக்கு இன்னும் தெரியாது அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். இனி நான் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நீ வந்தால்தான் நம்புவார்கள்.

இதைப் படித்ததும் உனக்கு இன்னும் தூரமாகப் போய்விடலாம் என்று தோன்றும். போகாதே அண்ணா. நஞ்சப்பன் வண்டி திரும்பும்போது அதிலேயே ஏறிவிடு. கூலிக் கணக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வூட்டுக்கு வா என்று எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. வீட்டுக்கு வந்தால் தெருவிலேயே பிடித்துவிடுவார்கள், நேராக கோர்ட்டுக்கு வரச் சொல் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வூட்டுக்கு வராதே. வண்டி திரும்பும் அன்று கோர்ட்டு வாசலில் உனக்குத் துணியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு நான் நிற்பேன். அம்மாவால் வர முடியாது. அத்தனை பேர் நடுவில் நான் எப்படி நிற்பேன் என்று நினைக்காதே, நிற்பேன்.

தேவமாதா உன் கூடவே மலை இறங்கி வரட்டும். நீ மட்டும் வந்துவிடு.

உன் தங்கை,
ஏஞ்சலின்