உன் தலைதான் மாதிரியாம்

இன்று காலை ஆஸ்பத்திரி ஹாலில் திரை கட்டி உன் தலையைக் காட்டினார்கள். பெயர் போடவில்லை. பச்சை நிறத்தில் ஒரு வட்டம், இடது காதுக்கு மேல் மட்டும் பூச்சி அரித்ததுபோல ஒரு குழி. எனக்குத் தெரியாமல் போகுமா? உன் ஜீப் கண்ணாடியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்துக்கொண்டு மலை முழுக்கச் சுற்றினாயே. "ஆரோக்கியமான மூளைக்கு இது நல்ல மாதிரி" என்றார் பட்டணத்து இன்ஜினியர். வந்த கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வராண்டாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் முதல் தடவை அந்தப் பெட்டியோடு மலையேறி வந்தது உனக்கு நினைவிருக்கும். மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் கண்டுபிடிக்கிற கருவி. தலையைச் சுற்றி ஒரு பட்டை, அதில் வரிசையாக உலோக வில்லைகள். உடம்புக்கு உறைக்காத அளவில் கொஞ்சம் மின்சாரம் விடுவார்கள். ரத்தம் தேங்கிய இடத்தில் அது சுலபமாகப் போகும், மற்ற இடத்தில் அவ்வளவு சுலபமாகப் போகாது. அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டர் படமாக்கும். இனி தலையில் அடிபட்டால் ஸ்கேனுக்காக மலையிறங்கி ஓட வேண்டாம் என்றார்கள். ஆனால் அதற்கு முன் நல்ல தலை எப்படி இருக்குமென்று கருவிக்குக் காட்ட வேண்டுமாம். இந்த ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிற நான் உன்னிடம் சொன்னேன். ஆஸ்டலில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து எதற்கும் மறுப்புச் சொல்லாதவன் நீ. புதூர்நாட்டுப் பக்கம் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாய்.

தலையைப் படம் பிடிக்கிறார்கள் என்று நீ சொன்னதை நம்பி எல்லோரும் குளித்து, எண்ணெய் வழியத் தடவி, படிய வாரிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பூவும் வைத்திருந்தார்கள். அந்தப் பிசுக்கில் வில்லை ஒன்றும் ஒட்டவில்லை. இன்ஜினியர் சலித்துக்கொண்டார்.

"இன்னா சார் நீங்க? படம் புடிக்கிறோம்னு சொல்ட்டு, தலய விரிச்சிப் போட்டுக்கினு வரணும்னா எப்டி சார்?" என்று நீ கேட்டதும் கூட்டமே சிரித்தது. பிறகு நீயே கடைக்குப் போய் ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்து, ஆஸ்பத்திரி குழாயடியில் எல்லோரையும் தலை அலச வைத்தாய். முதலில் உன் தலை. அவசரத்தில் இடது காதுக்கு மேல் எண்ணெய் சரியாகப் போகவில்லை. படத்தில் இருக்கும் குழி அதுதான்.

"உங்க தலை நூத்துக்கு நூறு நார்மல்" என்று இன்ஜினியர் கைகொடுத்தார். படத்தை அச்செடுத்தும் கொடுத்தார். அது அன்றைய நிலவரம் மட்டும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். நீயோ வருஷா வருஷம் வண்டியைக் காட்டி, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்குகிற டிரைவர். "வண்டிக்கும் எஃப்.சி. கீது, தலைக்கும் எஃப்.சி. வாங்கிட்டேன்டா" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தாய். நாங்களும் சிரித்தோம். ஆய்வு முடிந்தது என்று அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அந்த வருஷப் புளி சீசனிலேயே, புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து நீ விழுந்தாய். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு ஜீப்பையும் ஓட்டினாயாம். மறுநாள் காலை சேதி தெரிந்து நான் ஓடி வந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். களியைத் தொடவே இல்லை.

"கீழ போய் ஸ்கேன் எடுத்துட்டு வந்துடலாம், எழுந்திரு."

"என் தலைக்கி இன்னாடா? மெஷினே நல்லா கீதுன்னு சொல்லிச்சி. எஃப்.சி. இன்னும் முடியலடா."

"விழுந்ததுக்கு முன்னாடி எடுத்ததுடா அது!"

"நீ சொம்மா இரு. அவங்க உன்னவிடப் பெரிய படிப்பு."

"நேத்துலேர்ந்து சொல்றேண்ணா, கேக்கறாரா பாருங்க" என்று உன் மனைவி அழுதது. மதியத்துக்குள் வாந்தி, பேச்சுக் குழறல். உன் ஜீப்பை வேறொருவர் ஓட்ட, உன் தலை என் மடியில். மலையிறங்கி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வழி முழுக்க எனக்கு எதிரில் அந்தப் படம் ஒட்டியிருந்தது.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். பக்கத்தில் இருக்கிற என்னை நம்பாமல் அந்தக் காகிதத்தை நம்பினாயே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினியர் வராண்டாவுக்கு வந்தார். இன்னும் கொஞ்சம் நல்ல தலைகள் வேண்டுமாம். "அந்த ஜீப் டிரைவர் எங்கே? அவர் இருந்தால் வேலை சுலபம்" என்றார். சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. கெட்டவர் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

"கருவி அப்போ இங்கே இருந்திருந்தா..." என்று இழுத்தார்.

"ஏன் சார் இல்ல?"

"அது ஆய்வுக்கானது. சிகிச்சைக்கு விட்டுட்டுப் போக அனுமதி இல்லை."

"எங்க ஜனங்க தலை உங்க ஆய்வுக்கு ஆவும், உங்க கருவி எங்க தலைக்கி ஆவாதா?"

கருவி இங்கே தங்குமென்று சொல்லாதவரை ஒரு தலையையும் திரட்டித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வேலைக்கு என்ன ஆகுமோ, ஆகட்டும். அவர்கள் வேறு ஆளைப் பிடித்துத் திரட்டினாலும், பட்டையைக் கழற்றுகிற ஒவ்வொருவரிடமும் இது இன்றைக்கு மட்டும்தான் என்று சொல்வேன்.

போன வாரம் ஒரு பெரியவர் பலா மரத்திலிருந்து விழுந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று உன்னைப் போலவே முரண்டு பிடித்தார். கையைப் பிடித்து இழுத்து ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. திரும்பி மலையேறும் வழியெல்லாம், ஒரு நாள் வேலை கெட்டுப்போச்சென்று வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நீயும் அப்படித் திட்டிக்கொண்டு வந்திருக்கலாமேடா.