இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கோ

1954 ஏப்ரல் 20, செவ்வாய்

அப்புத்தளை. வெயில் இருந்தும் குளிர். இரவு ரயிலில் வந்த பதினொரு பெண்களும் பத்திரம். ஒரு பெட்டியைக் காணவில்லை. என்னுடையது. பிறகு கிடைத்தது. தங்குவது தேயிலைத் தோட்டத்தின் பழைய பங்களா. யன்னல் ஒன்றும் ஒழுங்காகப் பூட்டாது. இன்று யாரும் குளிக்கவில்லை. நானும்தான்.

கொழும்புப் பிள்ளைகள். ரோட்டில் நிற்கும் மாட்டைத் தவிர வேறு மாடு பார்த்திராதவர்கள். ஐந்து நாளில் வரைபடம், திசைகாட்டி, செடி, பறவை, ஓடை. பூமிசாத்திரம் படிப்பிப்பவள் என்பதால் பொறுப்பு என் தலையில். துணைக்கு உடற்பயிற்சி ஆசிரியை. தலைமை ஆசிரியைக்கு (இனி த.ஆ.) இந்த முகாமில் அரை மனம்.

ஸரீனாவைக் கூட்டிவரத்தான் பெரும்பாடு. பதினைந்து வயது. தகப்பனாருக்குப் புறக்கோட்டையில் புடவைக்கடை. நேற்று கோட்டை ஸ்டேஷனில் சொன்னது இன்னும் காதில்: "டீச்சர், ஒங்கள நம்பித்தான் அனுப்புறன். ஏதும் ஒண்டு நடந்தா இவக்கு முகாமும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல."

வாங்க வேண்டியவை: உப்பு (அட்டைக்கு), தேசிக்காய், மண்ணெண்ணெய், சவர்க்காரம்.

21, புதன்

விடியத் தூறல், பிறகு வெளிச்சம். ஓடைக்குப் போனோம். அட்டை கடித்து ஏழு பேர் கூச்சல். எட்டாவது ஆள் உடற்பயிற்சி ஆசிரியை. அவளுடையதுதான் பெரிய கூச்சல்.

ஸரீனா எதிர்மலையை உயரக்கோடுகளாக வரைந்தாள். வரைபடத்தோடு ஒப்பிட்டேன். அநேகமாகச் சரி. "வாப்பாக்குக் காட்டணும் மிஸ்" என்றாள். இப்படி ஒரு பிள்ளை பத்து வருடத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

பருப்பு தீய்ந்தது. எல்லோரும் தின்றார்கள்.

22, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தேயிலைக்கு மேலே புல்மலை. உச்சியில் நின்றால் தெற்குச் சமவெளி முழுக்கத் தெரியுமாம். வரைபடத்தை வைத்தே ஏறத் திட்டம். உடற்பயிற்சி ஆசிரியைக்குத் தடிமன், ஓயாத தும்மல்; பங்களாவில் நின்றுவிட்டாள். இரண்டு மணியளவில் ஸரீனா சொன்னாள்: "மிஸ், மேகம் எறங்குது. திரும்புவோமா?"

எனக்குக் கேட்டது. காதில் விழவில்லை என்று இங்கேகூட எழுத முடியாது. "கொஞ்சத் தூரம்தான் பிள்ளையள், நடவுங்கோ" என்றேன். அந்தச் சமவெளியை அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை.

கால் மணி நேரம். பிறகு ஒன்றும் இல்லை. முன்னால் போனவளின் பின்னல்கூடத் தெரியவில்லை. திரும்பி இறங்கினோம், பாதை தப்பித் தேயிலைக்குள். ஒருத்தி அழத் தொடங்கினாள். கூட்டம் சிதறக்கூடாது என்று நான் கத்தினேன்: "எல்லாரும் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கோ!"

இடப்பக்கம்தான் கான். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கல் வாய்க்கால், ஆள் உயரம். ஸரீனா விழுந்த சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை.

விசிலை ஊதினேன், ஊதினேன். கீழேயிருந்து ஒரு பெண்குரல்: "யாரும்மா அங்க? நின்ன எடத்துலயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க!"

கொழுந்துக் கூடையோடு வந்தாள். பெயர் மாரியாயி. கூடையை இறக்கிவைத்து, கானுக்குள் இறங்கி, ஸரீனாவை முதுகில் தூக்கிக்கொண்டாள். மற்றவர்களிடம், "ஒருத்தர் சேலைய ஒருத்தர் புடிச்சுக்கங்க." பாவாடை போட்ட பிள்ளைகள், பாவாடையைப் பிடித்தார்கள்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் அறை. ஒற்றை அறைக்குள் பன்னிரண்டு பேரும். எல்லோருக்கும் சாயத்தண்ணி, பாலில்லாத தேநீர். கோப்பை நான்குதான், முறை வைத்துக் குடித்தோம்.

"மேகம் கட்டுறப்ப மேல ஏறலாமாங்க? இந்தப் புள்ளைங்களுக்குத் தெரியாது, சரி."

என்னைப் பார்க்காமல் கோப்பைகளை எடுத்துக் கழுவினாள்.

தகப்பனாருக்கும் த.ஆ.வுக்கும் தந்தி.

23, வெள்ளி

பதுளை ஆஸ்பத்திரி. வெக்கை. ஸரீனாவுக்குக் கணுக்கால் எலும்பில் வெடிப்பு. மாவுக்கட்டு, ஆறு வாரம்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து த.ஆ.வுக்கு அறிக்கை எழுதினேன். 'திடீர் மேகமூட்டத்தில் மாணவி ஒருத்தி பாதையை விட்டு விலகியதால்...' ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அருவருப்பு. மடித்துக் கைப்பையில் வைத்தேன். பக்கத்துக் கடையில் இடியப்பம், சொதி. பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

ஸரீனா: "மிஸ், வாப்பா வந்து கேட்டா நான்தான் வழுக்கி உழுந்தண்டு செல்றன். நீங்க ஒண்டும் செல்ல வாணாம்."

என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ.

24, சனி

தூறல். ஸரீனாவை நேற்றே பங்களாவுக்குக் கூட்டிவந்துவிட்டேன். தகப்பனார் காலை ரயிலில் வந்தார். தொப்பி நனைந்திருந்தது. மகளின் தலையைத் தடவினார். அவள் சொன்னபடியே சொன்னாள். அவர் அவளுடைய சாமான்களைக் கட்டத் தொடங்கினார். பாடப் புத்தகங்களையும்தான். ஒவ்வொன்றாக அடுக்கி, கயிறு போட்டு, இறுக்கி.

அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"அவ வழுக்கேல்லை. திரும்புவம் எண்டு அவதான் சொன்னவ. நான் கேக்கேல்லை. இடப்பக்கம் நில்லுங்கோ எண்டதும் நான்தான். அங்கதான் கான் இருந்தது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கோவம் டீச்சர். மறைக்கல்ல."

"தெரியும்."

"இவ ஒங்களுக்காகப் பொய் செல்லியிருக்கா. அதுக்கும் கோவம்."

ஸரீனா அழுதாள். விழுந்தபோது அழாதவள். கட்டின கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை. ரயிலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். மலை வரைந்த தாள் கட்டிலில் கிடந்தது. ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் போய்விட்டது.

அறிக்கையைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன், ஒன்றரைப் பக்கம். 'நான்' என்று தொடங்கும் வசனங்கள் ஒன்பது.

25, ஞாயிறு

புறப்படுமுன் பெண்கள் பத்துப் பேரும் தாங்களாகவே லயத்துக்குப் போய் மாரியாயியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் நின்றேன். "கால் எப்படிங்க இருக்கு அந்தப் பாப்பாவுக்கு?" என்னிடம்தான் கேட்டாள். சொன்னேன். "சின்ன ஒடம்புதானே, கூடிரும்" என்றாள்.

27, செவ்வாய்

கொழும்பு. புழுக்கம். த.ஆ. அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். "இதை எழுதத் தேவையில்லாமல் இருந்ததே" என்றார். அடுத்த வருட முகாம் உடற்பயிற்சி ஆசிரியையின் பொறுப்பில். நான் போகவும் வேண்டாமாம். நியாயம். வீட்டுக்கு வந்து தலைக்கு எண்ணெய் வைத்தேன், பிறகு அழுதேன்.

புறக்கோட்டைக்குத் தபாலில் அந்தத் தாளை அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை.

மே 4, செவ்வாய்

பள்ளிக்கூடம் தொடக்கம். மழை. வரவு இடாப்புக் கூப்பிட்டேன். ஸரீனாவின் பெயர் வந்தபோது தலை நிமிரத் தைரியம் இல்லை. இடாப்பைப் பார்த்தபடியே கூப்பிட்டேன்.

"வந்திருக்கன் மிஸ்."

கதவடியில், தகப்பனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில். அவர் கையில் புத்தகக் கட்டு. "எங்க வைக்கிறது டீச்சர்?" என்று கேட்டார்.