சூடம் அணைத்துச் சொன்னது

செப்டம்பர் 3, புதன்

திருநெல்வேலி கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்தாயிற்று. பீடியைக் கட்டுப் பிரித்துச் சில்லறையாக விற்கக் கூடாது என்று சட்டம் வரப்போகிறதாம். வந்தால் விற்பனை பாதியாகும், எங்களுக்கு வேலையும் பாதியாகும். சங்கரன்கோவில் பீடி சுற்றும் பெண்கள் சங்கத்துக்கு நான்தானே செயலாளர்? நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். "எங்க வயித்துல அடிச்சிராதிய" என்றதும் அதிகாரியே தலையைக் குனிந்துகொண்டார். பஸ், தலைக்கு ஒரு பிரியாணி, நான் வாசித்த பேச்சு எல்லாம் ஏதோ மகளிர் அறக்கட்டளை உபயம். நல்ல மனுசங்க.

செப்டம்பர் 5

தம்பி பேச்சிராஜ் பள்ளிக்கூட வாத்தியார், புகை ஒழிப்புக் குழுவுக்குத் தலைவர். அப்பா இருமி இருமிச் செத்ததிலிருந்து அவனுக்குப் பீடி என்றாலே ஆகாது. சரி, இருக்கட்டும். அதுக்காக பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால, "கம்பெனிக்காரன் துட்டுல பேசுதா எங்க அக்கா"ன்னு சொல்லுவானா? கூடப் பொறந்தவனா அவன்?

செப்டம்பர் 6

ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கோமதி அம்மன் சன்னதிக்கு அவனை வரச் சொன்னேன். சங்கத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். சூடத்தை ஏற்றி, "என் பேச்சுக்குப் பின்னால கம்பெனி துட்டு ஒத்தப் பைசா கெடையாது. இருந்தா என் குடும்பம் வெளங்காமப் போகட்டும்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். பேச்சிராஜ் கலங்கிப்போனான். "தப்பாச் சொல்லிட்டேன் யக்கா" என்று காலில் விழுந்தான்.

செப்டம்பர் 10

பொய்ப்பழி போட்டவன் தலைவனாக இருக்கக் கூடாதென்று குழுவை விட்டே விலகிவிட்டானாம். இருக்கட்டும், புத்தி வரட்டும்.

செப்டம்பர் 19

பீடி ஒப்படைக்கப் போனேன். பீடியைச் சரிபார்த்து எடுக்கும் கம்பெனி செக்கர் மைதீன் பாட்சா அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "முதலாளிக்கு ஒம்மேல ரொம்ப சந்தோஷம்மா. அறக்கட்டளை அவரு வீட்டம்மா பேர்லதான இருக்கு? அந்தப் பேச்சை நம்ம ஆபீஸ்லதான் டைப் அடிச்சோம்" என்றார்.

கேக்கவே இல்லையே நான்! பஸ் யாரு விட்டா, சோறு யாரு போட்டா — ஏன் கேக்கல? ஓசியில கெடச்சா பினாயிலையும் குடிப்பாங்கன்னு ஊரெல்லாம் கேலி பேசுவேன். நான் குடிச்சிருக்கேன். செயலாளராம், செயலாளர்!

தெரியாமச் செஞ்சாலும் பொய்ச் சத்தியம் பொய்ச் சத்தியந்தானே தாயி?

செப்டம்பர் 20

சொல்லிவிடலாமென்று தம்பி வீட்டுக்குப் போனேன். "வா யக்கா, சாப்பிடு" என்றான். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6

சட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். கூட வேலை பார்க்கும் பிச்சம்மாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "வாய மூடிட்டு இரு. பொழச்சது நம்ம பொழப்பு, யாரு துட்டா இருந்தா என்ன?" என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் எரிகிறது.

அக்டோபர் 13, திங்கள்

கம்பெனியில் பீடி இலை வாங்கும் நாள். எப்போதும் ஓட்டையும் கருகலுமாகத்தான் தருவார்கள். பாதியைக் கழித்துவிட்டு, குறைகிறதை நாங்களே வெளியில் விலைக்கு வாங்கிச் சுற்றிக் கொடுக்க வேண்டும். இன்று எனக்கு மட்டும் உள்ளேயிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தார்கள். ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

வாங்கிக்கொண்டு வந்தேன்.