தேங்காய்க்குத் தாலாட்டு

ஐப்பசி 9, திங்கள். வருசநாட்டுப் பக்கம் இடி. இங்கன தூறல்தான்.

மன்னிச்சிரு டைரி, ஊரே அடங்குன பெறகு உன்னை எடுக்குறேன். பாப்பாவுக்கு ஊசி போட்ட தொடை இன்னும் சூடு. அதைத் தொட்டுப் பாக்குறதும் லேப்டாப்பை வெறிக்கிறதுமாப் பொழுது போச்சு.

வீட்டுல இருந்தே பாக்குற டைப்பிங் வேலைக்கு இன்னைக்கு டெஸ்ட். பாதியில பாப்பா சிணுங்கல். தொட்டிலை ஆட்டிட்டு வந்தா நெட் இல்ல. யூஎஸ்பி வைஃபை அடாப்டர்ல லைட் அணைஞ்சு கெடக்கு. புடுங்கிச் சொருகுனாத்தான் உசுரு. அதுக்குள்ள டெஸ்ட் மூடிருச்சு.

டெஸ்ட் வச்ச மேடம் ஃபோன்ல: "இன்னொரு தடவை தர்றேம்மா. நெட்டைச் சரி பண்ணிட்டு மெயில் போடுங்க. வெள்ளியோட முடியுது."

செவ்வாய். வெயில். துணி காஞ்சது.

தொட்டில் ஆடுறப்பதான் நெட் போகுது. எப்பவுமே! தொட்டில்ல இரும்புக் கம்பி, ஸ்பிரிங். அதுதான் சிக்னலை மறைக்குது. பாப்பா அத்தை மடியில (மாமியார்தான்). ஆட்டிப் பாத்தேன்.

அத்தை பதறிட்டாக. "ஆத்தா, வெறுந்தொட்டிலை ஆட்டாத! பிள்ளைக்கு வயித்த வலிக்கும்."

எனக்கும் திக்னு ஆச்சு. ரெண்டு தேங்காயைப் போட்டு ஆட்டுனேன்.

அத்தை: "பி.எஸ்ஸி. படிச்சவ தேங்காயைத் தூங்க வைக்கிறா பாரு."

கொஞ்ச நேரந்தான். லைட் அவுட்! கண்டுபிடிச்சிட்டேன்!! சாயங்காலம் இவுக வந்து தொட்டிலைப் பின்னறையில கட்டுனாக.

புதன். நல்ல மழை. பால் திரிஞ்சிருச்சு.

பின்னறையில ஆட்டிட்டு வந்தேன். நெட் இல்ல. ஒரு மூச்சு அழுதேன்.

இவுக: "விடுத்தா. நாளைக்கு அடாப்டரைத் தேனிக் கடையில குடுத்து மாத்திருவோம்."

மாத்த ஒரு வாரம் ஆகுமாம். வெள்ளி?

வியாழன். வெளியில எப்படியோ, பாக்கல.

பின்னறையில ஒரே கொசு. காலையிலயே தொட்டில் பழைய எடத்துக்கு. லேப்டாப்ல நெட்டுலயே தாலாட்டுப் பாட்டைப் போட்டு ஆட்டுனேன். பாப்பா தூங்கியும் பாட்டு நிக்கல. அதே கம்பி, அதே ஆட்டம், நெட் மட்டும் ஜம்முனு இருக்கு! பாட்டை நிறுத்துனேன். கொஞ்ச நேரத்துல லைட் போச்சு.

தொட்டில் இல்ல! நெட் சும்மா கெடந்தாத்தான் போகுது. நான் எந்திரிச்சுப் போறதே தொட்டிலை ஆட்டத்தானே!

தேடுனேன். இந்த லேப்டாப்ல ஓடுற லினக்ஸ்ல பவர் சேவ்னு ஒண்ணு. வேலை இல்லாட்டி அடாப்டரைத் தூங்க வச்சிரும். இது தூங்குனா முழிக்க மாட்டேங்குது. இவுக கடைக்குக் கெளம்பி அடாப்டர் மேல கை வச்சாக. "தொடாதீக!"ன்னு கத்திட்டேன். பாப்பா முழிச்சிருச்சு. (பாவம்.)

ஒரே ஒரு வரி அடிச்சேன். பவர் சேவ் ஆஃப். ரீஸ்டார்ட் பண்ணுனா பழையபடி ஆன். செட்டிங்ஸ் ஃபைல்லயே 2ன்னு மாத்தி வச்சேன். 2ன்னா ஆஃபாம். ரீஸ்டார்ட். லேப்டாப்பைச் சும்மா போட்டுட்டு குளிச்சேன், சமைச்சேன், பாப்பாவுக்கு ஊட்டுனேன். லைட் எரியுது! எரியுது! இவுகளை இழுத்துட்டு வந்து காட்டுனேன்.

அத்தை: "தேங்காய் முழிச்சிருச்சா? சட்னிக்கு வேணும்."

பாப்பா தொடை சூடு இல்ல. இப்ப அனுப்புன மெயில்:

மேடம், நெட் சரியாகிவிட்டது. நாளை எந்த நேரமானாலும் டெஸ்ட் எழுதத் தயார். நாளையோடு முடிகிறது என்றீர்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.