பிடித்தம் போக மீதி

சேலம்,
5-1-1964

இருசாயிக்கு,

குழந்தைவேல் எழுதுவது. இத்தனை வருஷம் கழித்து என்னிடமிருந்து கடிதம் வந்தால் நல்ல சேதியாக இருக்காது என்று நினைப்பாய். நினைப்பு சரிதான். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. மில்லை விட்டு மலைக்கே போய்விடு என்கிறார் டாக்டர். போக இடம் வேண்டுமே. எங்கள் அப்பன் காடு சேந்தமங்கலத்து மண்டிக்காரரிடம் போக்கியத்தில் கிடக்கிறது. பங்குனிக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கட்டாவிட்டால் அவருக்கே போய்விடும்.

வயசான பிறகு தருவதற்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த சேமநிதி இருக்கிறது. என் பங்கு ஆயிரம், முதலாளி பங்கு ஆயிரம். வயசுக்கு முன்னால் வேலையை விட்டால் முதலாளி பங்கில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். காடு மீட்க என்றாலும் தரமாட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு என்றால் மட்டும், வேலையில் இருக்கும்போதே முழுதும் எடுக்கலாம். அப்புறம் வேலையை விட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. "மகள் இருக்குதாய்யா?" என்று குமாஸ்தா கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பொய் இல்லை. நீ வெள்ளையனோடு போனாலும் நாம் ஊர்முன் தீர்த்துக்கொள்ளவில்லை. பரிசம் போட்டவன் நான். தீர்க்காதவரை, நீ யாரோடு இருந்து பெற்றாலும் மலை வழக்கப்படி அது என் பிள்ளை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பாப்பாயி என் மகள் என்று மணியக்காரரிடம் ஒரு தாள் வாங்கி அனுப்பு.

குழந்தைவேல்

ஆலத்தூர் நாடு,
22-1-1964

குழந்தைவேல் கவுண்டருக்கு,

இருசாயி சொல்ல, பாப்பாயி எழுதுவது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். உங்கள் கடிதத்தையும் இவள்தான் வாசித்தாள். நீங்கள் என் முதல் புருஷன் என்பது இவளுக்குத் தெரியும். தான் உங்களுக்குச் சேர்ந்தவள் என்பது தெரியாது. அந்த இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

நீங்கள் மில்லுக்குப் போனபின் மூன்று வெள்ளாமை நான் தனியாக அறுத்தேன். இருக்கிறாயா செத்தாயா என்று ஒரு வரி உண்டா? இப்போது தாள் வேண்டுமாம். இன்றைக்குத் தாள் கேட்பீர்கள். நாளைக்கு இவளுக்கு வரும் பரிசத்தைக் கேட்பீர்கள். தகப்பன் நான்தான் என்று கல்யாண மனையிலும் வந்து உட்காருவீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இருமலுக்கு மிளகு கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளையன் காட்டு மிளகுதான். அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இருசாயி
எழுதியது: பாப்பாயி

சேலம்,
2-2-1964

இருசாயிக்கு,

மிளகு வந்தது. ராத்திரி கொஞ்சம் தூங்குகிறேன்.

கடிதம் போடாதது என் தப்பு. முதலில் எழுதத் தெரியவில்லை. எழுதக் கற்றபோது நீ போய்விட்டாய்; அப்புறம் வெட்கம். பரிசம் எனக்கு வேண்டாம். மனையில் உட்கார மாட்டேன். கல்யாணத்துக்கே வரவில்லை, போதுமா? தாள் மட்டும் அனுப்பு. காடு போய்விட்டால் நான் செத்தால் புதைக்கக்கூட மலையில் ஒரு குழி கிடையாது.

வாசிக்கிற பிள்ளைக்கு: உன் பெயரைத்தான் கேட்கிறேன், உன்னை இல்லை.

குழந்தைவேல்

ஆலத்தூர் நாடு,
24-2-1964

குழந்தைவேல் கவுண்டருக்கு,

தாள் இத்துடன் இருக்கிறது. நான் வெள்ளையனைப் போகச் சொல்லவில்லை. "ஒரு ஆளுக்குப் போக எடமில்லீன்னா நாம என்ன பண்றது?" என்று இவராகவே கிளம்பினார். பாப்பாயியும் நானும் கூடப் போனோம்.

"புள்ளை யாரு மகள்?" என்று மணியக்காரர் கேட்டார்.

"குழந்தைவேலு மகளுங்க."

"அப்ப உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

எழுதும்போது மணியக்காரர் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார். இவரும் சொன்னார்.

அங்கிருந்து நேராகக் காட்டுக்குப் போய்ப் பொழுது சாய்கிறவரை கிழங்கு பிடுங்கினார். பாப்பாயி சாப்பிடக் கூப்பிடப் போனாள். "நீ கூப்புட வேண்டாஞ் சாமி. உங்கம்மாளை வரச் சொல்லு" என்றாராம். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள். எழுதுடி என்று நான்தான் அதட்டினேன். உங்களுக்கும் தெரியட்டும்.

காட்டை மீட்டுக்கொள்ளுங்கள்.

இருசாயி
எழுதியது: பாப்பாயி

சேலம்,
20-3-1964

இருசாயிக்கு,

தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னல்வரை போனேன். மகள் பெயர் கேட்டார் குமாஸ்தா. சொன்னேன். எப்போது பிறந்தாள் என்று கேட்டார். தேதி வேண்டாம், எந்த மாதம், எந்த வெள்ளாமையில் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளையனைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பான்.

அந்தத் தாளை உள்ளே நீட்டவில்லை. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்நூறு பிடித்தம். வெள்ளையனிடமிருந்து பிடிப்பதைவிட என்னிடமிருந்தே பிடிக்கட்டும். கையில் வந்த ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மண்டிக்காரர் மேல்காட்டை மட்டும் விட்டார். மிளகுக்கொடி நிற்கிற கீழ்க்காடு போய்விட்டது. மேல்காட்டில் கல்தான் விளையும், உனக்கே தெரியும்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். வெள்ளையனே கிழித்துப் போடட்டும். நமக்குள் தீர்ந்தது, பிள்ளைமேல் எனக்கு உரிமை இல்லை என்று ஊர்க்கவுண்டருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். நான் போட்ட பரிசத்தைத் திருப்ப வேண்டாம். மூன்று வெள்ளாமை அறுத்திருக்கிறாயே.

குழந்தைவேல்

ஆலத்தூர் நாடு,
16-4-1964

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

இன்றைக்கு யாரும் சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

தாளை அப்பாவிடம் கொடுத்தேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இதுல எம் பேரு எங்கே இருக்குது?" என்று கேட்டார். இல்லீங்கப்பா என்றேன். அடுப்பில் போட்டுவிட்டுச் சோறு போடச் சொன்னார். மாசியிலிருந்து என் கையால் வாங்கிச் சாப்பிடாதவர்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் இழந்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்நூறு மட்டும் இல்லை என்று தெரிகிறது.

மேல்காட்டில் குடிசை போட அப்பா மூங்கில் வெட்டி வைத்திருக்கிறார். அங்கே நிற்கும் பலாவில் கொடி ஏற்றினால் மிளகு வரும் என்கிறார். வைகாசியில் எனக்கும் சின்னராசுவுக்கும் கல்யாணம். வர மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வந்தால் பரிமாறுவது நான்தான்.

நான் பிறந்தது ஐப்பசி மாதம், சாமை அறுப்பு நடந்த அன்றைக்கு. இனி யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளையன் மகள் பாப்பாயி